குரோன் நோய்: மருந்தோடு ஊட்டச்சத்து ஃபார்முலாவும் சேரும்போது

குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் குரோன் நோய்க்கு எழுதித் தரப்படும் ஊட்டச்சத்து ஃபார்முலாவை மட்டுமே உணவாக எடுத்துக்கொண்டால், வளர்ந்த ஒருவருக்கு 400 கிராம் டின் ஒன்று ஏறக்குறைய ஒரே நாளில் தீர்ந்துவிடும். கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் அதே டின் ஒரு மாதம் வரை வருவதைப் பார்த்திருக்கிறேன். இரவில் பாலில் இரண்டு கரண்டி கலந்து கொடுப்பார்கள். மற்ற வேளைகளில் வழக்கமான சோறு, குழம்பு, மாலையில் டீயும் பன்னும். மதுரையில் டாக்டர் சொன்னபடிதான் செய்கிறோம் என்று வீட்டில் எல்லோரும் மனதார நம்புகிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பிள்ளைக்கு மறுபடியும் வயிற்றுவலியும் பேதியும் வந்ததும், "பவுடர் கொடுத்தும் பார்த்தாயிற்று, கேட்கவில்லை" என்று அந்தப் பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான நினைப்பும் உண்டு. ஸ்டீராய்டைப் பற்றியும் ஊசி மருந்துகளைப் பற்றியும் பயமுறுத்தும் செய்திகளைக் கேட்டவர்கள், சாப்பாட்டை மாற்றினாலே போதும், மருந்தே வேண்டாம் என்று தீர்மானித்துவிடுகிறார்கள். முதல் வீட்டில் ஃபார்முலா டானிக் ஆகிவிட்டது. இரண்டாவது வீட்டில் அது மருந்தின் இடத்தையே பிடித்துக்கொண்டது. இரண்டு வீட்டிலும் பாதிக்கப்படுவது நோயாளிதான். ஃபார்முலா ஒரு சிகிச்சை. அதற்கு அளவு உண்டு, காலக்கெடு உண்டு, பலித்ததா என்று சோதித்துப் பார்க்கும் முறையும் உண்டு. மருந்தால் உடனடியாக முடியாத சிலவற்றை அது செய்கிறது. அதனால் முடியாத பலவற்றை மருந்து செய்கிறது. எந்தக் கட்டத்தில் எது, எவ்வளவு என்று தெரியாமல் கொடுக்கும்போது காசும் போகிறது, குடலும் போகிறது.

நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 1932ஆம் ஆண்டு இந்த நோயை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆங்கில அகரவரிசையில் முதலில் நின்ற பெயர் நோயின் பெயராக நிலைத்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கென்னடி டால்சியல் 1913லேயே இதைப் போன்ற குடல் அழற்சியைப் பதிவு செய்திருந்தார்.

வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரக்கூடிய நோய் இது. பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பெருங்குடலையும் தாக்குகிறது. அழற்சி, குடலின் உட்படலத்தோடு நிற்பதில்லை. சுவரின் முழுத் தடிமனிலும் இறங்குகிறது. புண்பட்ட குடல், நடுவில் நல்ல குடல், மறுபடி புண் என்று விட்டுவிட்டு வருகிறது. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் குடல் தழும்பேறிச் சுருங்கலாம். சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து உறுப்புக்கோ வெளித்தோலுக்கோ பவுத்திரம் உண்டாகலாம். நோயை வேரோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. முதலில் அழற்சியை அடக்க வேண்டும், பிறகு அடங்கிய நிலையை நீட்டிக்க வேண்டும். சிகிச்சையின் இந்த இரண்டு கட்டங்களையும் மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் எண்கள் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றாது.

குரோன் நோயாளி மெலிவதற்குக் காரணம் சாப்பிடாதது மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். வலிக்குப் பயந்து சாப்பாடு குறைவது உண்மைதான். ஆனால் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதமே பசியையும் மட்டுப்படுத்துகிறது, தசையையும் கரைக்கிறது. புண்பட்ட குடலிலிருந்து புரதம் கசிந்து மலத்தோடு போகிறது. பி12 வைட்டமினையும் பித்த உப்புகளையும் உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. அங்கேதான் நோய் அதிகம் உட்காருகிறது. வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு உயரம் நின்றுபோகிறது, பருவமடைவது தள்ளிப்போகிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஏழாம் வகுப்புப் பையனைப் போலத் தெரிந்தால், அவன் குடலையும் ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஃபார்முலா என்று சொல்வது, ஒரு மனிதனுக்குத் தேவையான புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, வைட்டமின், தாது உப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டு அடக்கிய திரவ உணவை. மளிகைக் கடையில் கிடைக்கும் சர்க்கரை மிகுந்த ஆரோக்கிய பானங்கள் இந்த வகையில் சேராது. வீட்டில் அரைக்கும் சத்துமாவு நல்ல உணவுதான். ஆனால் அதில் தானியத் தோலும் நார்ச்சத்தும் அதிகம். குடல் சுருங்கியிருப்பவருக்கு அதுவே அடைப்பை உண்டாக்கலாம். ஃபார்முலாவிலும் வகைகள் உண்டு. புரதத்தை முழுதாக வைத்துத் தயாரித்தது ஒன்று, சிறு துண்டுகளாக உடைத்தது ஒன்று, அமினோ அமிலங்களாகவே பிரித்துக் கொடுப்பது இன்னொன்று. கடைசி வகை கசக்கும், விலையும் கூடுதல். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், நோயை அடக்குவதில் இவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே பிள்ளை எதைக் குடிக்கச் சம்மதிக்கிறதோ அதுவே நல்ல ஃபார்முலா.

ஆறு முதல் எட்டு வாரம் வரை வேறு உணவு எதுவும் இல்லாமல் ஃபார்முலாவும் தண்ணீரும் மட்டும் கொடுப்பது முழு ஃபார்முலா சிகிச்சை. குழந்தைகளின் குரோன் நோய்க்கு ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல்கள் இதையே முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கின்றன. மருத்துவச் சான்றுகளை அலசும் காக்ரன் அமைப்பு, பல ஆய்வுகளைச் சேர்த்து 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வைப் பாருங்கள். குழந்தைகளில் ஃபார்முலா எடுத்தவர்களில் 83 சதவீதம் பேருக்கும், ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 61 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியது. பெரியவர்களில் இது தலைகீழ்: ஃபார்முலாவில் 45 சதவீதம், ஸ்டீராய்டில் 73 சதவீதம். இந்த எண்களுக்குப் பின்னால் உள்ள ஆய்வுகள் சிறியவை, சான்றின் வலு குறைவு என்பதையும் அந்தத் தொகுப்பே சொல்லிவிடுகிறது. பெரியவர்களிடம் பலன் குறைந்ததற்கு ஒரு பெரிய காரணம், அவர்களில் பலர் குடிக்க முடியாமல் பாதியிலேயே நிறுத்திவிட்டதுதான்.

குழந்தைகளுக்கு ஸ்டீராய்டைவிட இதை முன்னால் வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஸ்டீராய்டு அறிகுறிகளை விரைவில் தணிக்கும். குடலின் உட்படலத்தை ஆற்றுவதில் அது பின்தங்கியே இருக்கிறது. முகம் வீங்கும், எலும்பு மெலியும், வளர்ச்சி தடைப்படும். ஃபார்முலாவில் உட்படலம் ஆறுகிறது, எடை கூடுகிறது, வளர்ச்சி மீள்கிறது. எப்படி ஆற்றுகிறது என்பது முழுதாக விளங்கிவிடவில்லை. குடல் பாக்டீரியாக்களின் கூட்டம் மாறுவதும், உணவிலுள்ள சில கூட்டுப்பொருள்கள் நின்றுபோவதும் காரணங்கள் என்று கருதப்படுகிறது. 2015இல் வெளியான எலி ஆய்வொன்றில், பாக்கெட் உணவுகளில் சேர்க்கும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், பாலிசார்பேட் 80 என்ற இரண்டு பொருள்கள் குடலின் சளிப் படலத்தை மெலியச் செய்து, பாக்டீரியாக்களைச் சுவருக்கு நெருக்கமாக வரவிட்டன. மனிதர்களிடமும் அப்படியே நடக்கிறது என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. பேக்கரி பாக்கெட்டுகளை ஒதுக்கி வைக்க அது போதிய காரணம் என்பது என் கருத்து.

பாதி ஃபார்முலா, பாதிப் பலனா?

"பாதி நாள் பவுடர், பாதி நாள் சாப்பாடு என்று கொடுத்தால் பாதியாவது குணமாகாதா?" என்று எல்லாத் தாய்மார்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிரிட்டனில் 50 குழந்தைகளிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. முழு ஃபார்முலா எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. பாதி ஃபார்முலாவும் பாதி விருப்பமான உணவும் எடுத்தவர்களில் 15 சதவீதம் பேருக்கே அடங்கியது.

2015இல் வட அமெரிக்கக் குழந்தைகளிடம் நடந்த இன்னோர் ஆய்வு இதைவிடக் கூர்மையானது. பகுதி ஃபார்முலா எடுத்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் நலமாக உணர்ந்தார்கள். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற அழற்சிப் புரதத்தை அளந்தபோது கதை வேறாக இருந்தது. அந்த அளவு போதுமான மட்டத்துக்கு இறங்கியது பகுதி ஃபார்முலா எடுத்தவர்களில் 14 சதவீதம் பேருக்கு மட்டுமே. முழு ஃபார்முலாவில் 45 சதவீதம் பேருக்கும், டி.என்.எஃப். எதிர்ப்பு ஊசியில் 62 சதவீதம் பேருக்கும் இறங்கியது. வலி நின்றுவிட்டது என்பதால் குடல் ஆறிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. மலப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அப்படியானால் பாதி ஃபார்முலா வீணா? இல்லை, அதன் இடம் இரண்டாவது கட்டம். ஜப்பானில் நோய் அடங்கிய 51 பேரிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. தினசரிக் கலோரியில் பாதியை அமினோ அமில ஃபார்முலாவாக எடுத்தவர்களில் 34.6 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. இஷ்டம்போல் சாப்பிட்டவர்களில் 64 சதவீதம் பேருக்குத் திரும்பியது. அந்த நாட்டில் இந்த அமினோ அமில ஃபார்முலா மருந்து என்ற வகையில்தான் பதிவாகியிருக்கிறது. டாக்டர் சீட்டில் எழுதி, காப்பீட்டில் வாங்குகிறார்கள். நம் ஊரில் அது உணவுப் பொருளாக விற்கப்படுவதால், வீட்டாரும் உணவைப் போலவே கூட்டியும் குறைத்தும் போடுகிறார்கள்.

மருந்தோடு சேரும் இடங்கள்

முதல் சேர்க்கை காலத்தைப் பற்றியது. நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோபிரின் மாத்திரை முழுதாக வேலை செய்ய இரண்டு, மூன்று மாதங்கள் ஆகலாம். அதுவரை குடல் சும்மா காத்திருக்காது. வழக்கமாக அந்த இடைவெளியை ஸ்டீராய்டு நிரப்புகிறது. முழு ஃபார்முலாவும் அதே இடைவெளியை நிரப்பும். எட்டு வாரம் முடியும்போது மாத்திரை பிடிக்கத் தொடங்கியிருக்கும். அசாதியோபிரின் எடுப்பவர்கள் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைத் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் மக்களில் சிலரிடம் உள்ள ஒரு மரபணு மாற்றத்தால் வெள்ளணுக்கள் திடீரென்று சரிந்துவிடுகின்றன. மலையிலிருந்து இறங்கச் சிரமம் என்று அந்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

இரண்டாவது சேர்க்கை இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்துகளோடு. 1998இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்ஸிமாப், நோயின் போக்கையே மாற்றிய மருந்து. தொடக்கத்தில் ஒரு முறை, இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், அதன் பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை என்று ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். அடலிமுமாப் தோலுக்கடியில் போடும் ஊசி. வீட்டிலேயே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளலாம். 2014 இறுதியில் இந்திய நிறுவனம் ஒன்று அடலிமுமாப்பின் ஒப்புரு மருந்தை, அதாவது அதைப் போலவே செய்த மருந்தை, கொண்டுவந்த பிறகு விலை இறங்கியது. இந்த மருந்துகளின் தொல்லை, நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த உடல் ஓராண்டு, இரண்டாண்டில் கேட்காமல் போவது. உடல் மருந்துக்கு எதிராகவே எதிர்ப்புப் புரதம் உண்டாக்கிவிடும், அல்லது ரத்தத்தில் மருந்தின் அளவு தங்காது.

ஃபார்முலா உதவக்கூடியது இந்த இடத்தில். 2015இல் வெளியான தொகுப்பாய்வு, இன்ஃப்ளிக்ஸிமாப் எடுக்கும் 342 நோயாளிகளைக் கொண்ட நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மருந்தோடு ஃபார்முலாவும் எடுத்தவர்களில் 69.4 சதவீதம் பேர் நோய் அடங்கிய நிலையில் இருந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் அது 45.4 சதவீதம். ஜப்பானில் 2013இல் வெளியான ஆய்வு, நாளொன்றுக்கு 900 கிலோகலோரிக்குக் குறையாமல் ஃபார்முலா எடுத்தவர்களிடம் மருந்தின் பலன் நீடித்ததாகக் கண்டது. 900 கிலோகலோரி என்றால் ஏறக்குறைய 900 மில்லி ஃபார்முலா, அதாவது தினமும் நான்கைந்து டம்ளர். இரவுப் பாலில் இரண்டு கரண்டி என்பது இதன் பக்கத்தில்கூட வராது.

இந்த எண்களை நானும் முழு உற்சாகத்தோடு ஏற்றுக்கொள்ளவில்லை. ஜப்பானிலேயே 56 பேரைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஃபார்முலா சேர்த்தவர்கள் 78 சதவீதம், சேர்க்காதவர்கள் 67 சதவீதம் என்றே வந்தது. புள்ளியியல்படி அது வேறுபாடாகவே கணக்கில் வராது. ஃபார்முலாவை யாருக்குக் கொடுப்பது என்று சீட்டுக் குலுக்கித் தீர்மானித்த ஆய்வுகள் அல்ல இவை. தினமும் நான்கைந்து டம்ளர் பிடிக்காத திரவத்தைக் குடித்து முடிக்கும் மனிதர், மாத்திரையையும் நேரத்துக்கு எடுப்பார், ஊசித் தேதியையும் தவறவிட மாட்டார். பலன் ஃபார்முலாவால் வந்ததா, அந்த ஒழுங்கால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆனாலும் உடலியங்கியல் இந்தச் சேர்க்கையின் பக்கம் நிற்கிறது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்த நோயாளிகளிடம் இன்ஃப்ளிக்ஸிமாப் வேகமாகக் கரைந்துவிடுகிறது. அல்புமினையும் இந்த வகை மருந்துப் புரதங்களையும் சிதையாமல் மீட்டு ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புவது செல்களில் உள்ள ஒரே ஏற்பிதான் (புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு). அழற்சி தணிந்து, ஊட்டம் ஏறி, அல்புமின் உயரும்போது மருந்தும் உடலில் கூடுதல் நாள் தங்க வாய்ப்பிருக்கிறது. ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. மெலிந்து, புரதம் கசியும் உடலில் விலையுயர்ந்த மருந்தை ஏற்றுவது அப்படித்தான். எனவே ஊசிச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே எடையையும் அல்புமினையும் பார்த்து, டயட்டீஷியனை அழைத்துவிடும் மருத்துவர் எனக்கு நல்ல மருத்துவர்.

மூன்றாவது சேர்க்கை அறுவை சிகிச்சைக்கு முன்னால். குடல் சுருக்கத்துக்கோ பவுத்திரத்துக்கோ கத்தி வைக்கும் நாளுக்குச் சில வாரம் முன்பு ஃபார்முலா கொடுத்து ஊட்டத்தை மீட்டால், புண் ஆறுவது மேம்படுகிறது, சிக்கல்கள் குறைகின்றன. ஆசனவாய்ப் பக்கம் பவுத்திரம் உள்ளவருக்கு ஃபார்முலா மட்டும் போதாது. அங்கே ஊசி மருந்தும் அறுவை மருத்துவரும் தேவை.

ஃபார்முலாவால் பையன் எடை போட்டுத் தெம்பாகிவிட்டான் என்று ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடல், தன் சொந்தச் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும். அளவைப் படிப்படியாக இறக்காமல் நிறுத்தினால் மயக்கமும் ரத்த அழுத்தச் சரிவும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதலில் டி.பி. இல்லை என்று தெரிய வேண்டும்

மேலைநாட்டு வழிகாட்டுதல்களை அப்படியே இங்கே பொருத்த முடியாமல் போவது காசநோயால்தான். குடல் காசநோயும் குரோன் நோயும் ஒரே இடத்தில், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் முனையில் உட்காருகின்றன. வலி, காய்ச்சல், மெலிவு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். கொலோனோஸ்கோபியிலும் திசுப் பரிசோதனையிலும்கூடப் பல நேரம் பிரித்தறிய முடிவதில்லை. அதனால் நம் மருத்துவர்கள் முதலில் டி.பி. மருந்தைக் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி குடலைப் பார்க்கிறார்கள். புண் ஆறியிருந்தால் டி.பி. சிகிச்சையை முழுதாக முடிப்பார்கள். ஆறவில்லை என்றால் குரோன் பக்கம் திரும்புவார்கள். தவறான நோயறிதலோடு ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்ஸிமாப்போ கொடுத்தால் டி.பி. உடலெங்கும் பரவிவிடும். குரோன் நோயாளிக்குமே ஊசி மருந்துக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும், உறங்கும் டி.பி.யைக் கண்டறியும் தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ கட்டாயம்.

இந்த இரண்டு மாதக் காத்திருப்பில் நோயாளி நாளுக்கு நாள் இளைக்கிறார். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்காத ஒரே உதவி ஊட்டம்தான். குரோனாக இருந்தாலும் டி.பி.யாக இருந்தாலும் அது தீங்கு செய்வதில்லை. ஜார்க்கண்டில் டி.பி. நோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப் பை கொடுத்து நடத்திய பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. ஊட்டம் பெற்ற குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது ஏறக்குறைய 39 சதவீதம் குறைந்தது. ஊட்டத்தை ஓரத்தில் வைத்துப் பேசும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்ற வைத்த எண் அது. குரோனா, டி.பி.யா என்று தீர்மானமாகாத கட்டத்தில் முழு ஃபார்முலாவுக்குப் போவதானால் மட்டும் மருத்துவரிடம் பேசிக்கொண்டு போக வேண்டும். குரோன் புண் ஃபார்முலாவால் ஆறத் தொடங்கி, டி.பி. மருந்துக்குக் கேட்டது போலத் தோன்றிவிடலாம்.

பூம்பாறையில் ஒரு சமையலறை

பூம்பாறையில் ஒரு வீட்டில் பதினைந்து வயதுப் பையனுக்கு முழு ஃபார்முலா நடந்துகொண்டிருந்தபோது போயிருந்தேன். அவன் அம்மா காலையில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைக்கிறார். இவ்வளவு உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அதனால் தளதளவென்று கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் விட வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆறிய தண்ணீரில் பவுடரைக் கொட்டி மூடி போட்டுக் குலுக்குகிறார். கட்டி தட்டினால் பையன் குடிக்க மாட்டான். எவர்சில்வர் டம்ளர்களில் கணக்கு. காலண்டரில் மாத்திரைக்கு ஒரு டிக், டம்ளருக்கு ஒரு டிக். மாத்திரையைப் பொடித்து ஃபார்முலாவில் கலப்பதில்லை. தனியாகத் தண்ணீரில் விழுங்குகிறான்.

கஷ்டம் எல்லாம் பகல் ஒரு மணிக்கு. மலைப்பூண்டு உரித்துக் குழம்பு வைத்தால் தெரு முழுக்க மணக்கும். "ஒரு வாய்ச் சோறு தின்றால் என்ன ஆகிவிடும், சாமி?" என்று அப்பத்தா கண்கலங்கினார். பையன் எழுந்து வெளியே போய்விட்டான். மறுநாளிலிருந்து வீட்டில் எல்லோரும் அவன் பள்ளியிலிருக்கும் நேரத்தில் சாப்பிட்டார்கள். அப்பத்தாவும் கூடத்தான். எட்டு வாரச் சிகிச்சையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த மாதிரி ஏற்பாடுதான். வாயால் முடியவே முடியாது என்றால், மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டு இரவில் ஏற்றும் வழி இருக்கிறது. அதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை.

சமதளத்தில் குளிர வைத்துக் குடிக்கச் சொல்வார்கள். குளிர்ச்சியில் சுவை மட்டுப்படும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் யாருக்கும் அது இறங்காது. வெதுவெதுப்பாகக் குடிக்கலாம், கொதிக்க வைக்கக் கூடாது. கலக்கியதை அறையில் நான்கு மணி நேரத்துக்கு மேலும், ஃபிரிட்ஜில் ஒரு நாளுக்கு மேலும் வைக்க வேண்டாம். முதல் இரண்டு, மூன்று நாள் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் வயிற்றுப் பொருமலும் பேதியும் குறையும். அடலிமுமாப் ஊசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். உறைந்துபோன ஊசியைப் போடக் கூடாது. ஃப்ரீசரில் வைப்பதும், ஐஸ்கட்டியை நேராக ஒட்டி எடுத்து வருவதும் தவறு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரங்கள் சாய்ந்து மலைப்பாதைகள் அடைபட்டதையும் மின்சாரம் நின்றதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. மழைக்காலத்துக்கு முன்பே இரண்டு வார ஃபார்முலாவும் மாத்திரையும் வீட்டில் இருப்பது நல்லது.

பல வாரம் சரியாகச் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக ஆனவருக்கு வீட்டிலேயே முழு ஃபார்முலாவைத் தொடங்கவே கூடாது. பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று ஊட்டம் கிடைத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயம் தடுமாறும். அப்படிப்பட்டவரை மருத்துவமனையில் சேர்த்து, ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் ஊட்டத்தைக் கூட்ட வேண்டும்.

சுற்றுலா வருபவர்களுக்கு ஒரு சேதி. 2,000 மீட்டருக்கு மேலான உயரங்களுக்கோ விமானத்திலோ பயணம் செய்த குடல் அழற்சி நோயாளிகளுக்கு அடுத்த நான்கு வாரங்களில் நோய் கிளம்புவது கூடுதலாக இருந்தது என்று 2014இல் சுவிட்சர்லாந்து ஆய்வொன்று தெரிவித்தது. அது மேலே ஏறி வந்தவர்களைப் பற்றியது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அதைப் படித்து ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

எட்டு வாரம் முடிந்த பிறகு

எட்டு வாரம் முழுக்கச் சோறில்லாமல் இருப்பது பலரால் முடியாது என்பதால் பிறந்தது குரோன் விலக்கு உணவுமுறை. இஸ்ரேலைச் சேர்ந்த ஏரி லெவின் தலைமையிலான குழு 2019இல் இதன் ஆய்வை வெளியிட்டது. முதல் ஆறு வாரம் கலோரியில் பாதி ஃபார்முலா. மீதிப் பாதி தேர்ந்தெடுத்த உணவு. பன்னிரண்டாம் வாரத்தில் இந்த முறையில் இருந்த குழந்தைகளில் 75.6 சதவீதம் பேர் ஸ்டீராய்டு இல்லாமல் நலமாக இருந்தார்கள்; முழு ஃபார்முலாவில் தொடங்கிப் பின்னர் வழக்கமான உணவுக்குத் திரும்பிய குழுவில் 45.1 சதவீதம். மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில் பாதி ஃபார்முலா பலிக்காததும் இங்கே பலித்ததும் முரணல்ல. அங்கே மீதிப் பாதி இஷ்டப்படி. இங்கே மீதிப் பாதி கட்டுப்பாட்டோடு.

அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தோல் சீவி வேகவைத்து ஆற வைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், முட்டை, கோழியின் நெஞ்சுக்கறி, ஆப்பிள், அரிசி. மேல்மலையில் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகிறது. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மலைவாழை தாராளமாகக் கிடைக்கிறது. விலக்க வேண்டியவை பால், கோதுமை, பதப்படுத்திய இறைச்சி, பாக்கெட் தின்பண்டம், சாக்லேட். பால் டீயையும் பேக்கரி பன்னையும் விடுவதுதான் இந்த மலையில் உண்மையான சவால். முட்டையும் கோழியும் தொடாத குடும்பங்கள், புரதத்துக்கு என்ன செய்வது என்று டயட்டீஷியனிடம் கேட்டுத் திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டில் தாங்களாகவே அடித்துத் திருத்தக் கூடாது.

செலவைப் பற்றிப் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. நாளுக்கு ஒரு டின் என்றால் எட்டு வாரத்துக்கு 56 டின். பூண்டுக்கும் உருளைக்கும் விலை விழுந்த ஆண்டில் எந்தக் குடும்பத்தால் முடியும்? நோயை அடக்கும் மருந்து என்று நிரூபிக்கப்பட்ட பொருளை, குழந்தைகளுக்காவது அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். கேட்க வேண்டிய கோரிக்கை இது, கேட்பவர்கள் போதவில்லை. அதுவரை, முழு ஃபார்முலா கட்டுப்படியாகாது என்பதை மருத்துவரிடம் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது மேல். பாதி ஃபார்முலாவும் விலக்கு உணவும் மருந்தும் என்று அவரால் வேறு திட்டம் போட முடியும். சொல்லாமல் டின்னை நீட்டிக்கொண்டே போனால், சிகிச்சை பலிக்கவில்லை என்று அவர் நினைத்து அடுத்த கனமான மருந்துக்குப் போய்விடுவார்.

எட்டு வாரம் முடிந்ததும் ஒரே நாளில் பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவதில்லை. இரண்டு, மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, ஒரு டம்ளரைக் குறைத்து ஒரு வேளை உணவைச் சேர்ப்பது வழக்கம். அந்த நேரத்தில் கால்புரோடெக்டின் பரிசோதனையும் எடையும் ரத்தப் பரிசோதனையும் ஒரு முறை பார்க்கப்பட வேண்டும். வயிறு உப்பி வாந்தி நிற்காவிட்டால் அது அடைப்பாக இருக்கலாம். ஊசி மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அது தொற்றாக இருக்கலாம். இரண்டுக்கும் இரவென்று பார்க்காமல் வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்கிவிட வேண்டும். ஃபார்முலா நின்ற பிறகும் அசாதியோபிரினோ ஊசியோ தொடரும். நோய் அடங்கிய நிலையைப் பிடித்து வைத்திருப்பது அந்த மருந்துதான். அதன் அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்ற பேச்சு, குடலை மறுபடி உள்ளே பார்த்து உறுதி செய்த பிறகே எழும்.